மயில் இறகு பட்டும் தெரியாத கால்

மூன்று வருடத்துக்கு முன்பு, தைப்பூசத்துக்குச் சில நாட்கள் இருந்தபோது, சங்ககிரிக்குள் நுழைகிற சாலையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. இதை யாரிடமும் உட்கார்ந்த இடத்தில் இருந்து சொன்னதே இல்லை. எழுந்து நின்று, கையை ஆட்டித்தான் சொல்வேன். எழுத்தில் அது முடியாது என்பதால் நீங்கள்தான் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் எடப்பாடிக்குப் பக்கம். வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்கிற வேலை எனக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தெருமுனையில் என் தலை தெரிந்தால் போதும், பாதி ஆண்களுக்குத் தோட்டத்தில் அவசர வேலை வந்துவிடும். தறி ஓட்டுகிறவர்கள், நான் பேசுவது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காதைக் காட்டுவார்கள். மதியம் கறிக்குழம்பு என்று யாராவது சொன்னால் அதே சத்தத்தில் நன்றாகக் கேட்கும். பெண்கள் அன்பாகக் கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள். விரலில் குத்த வேண்டும் என்றதும், "நாளைக்கு வா சாமி, இன்னைக்கு வெள்ளிக்கிழம" என்பார்கள்.

இப்படி ஒளிகிறவர்களில் முதல் ஆள் எங்கள் ஊர்ப் பெரிய காவடிக்காரர். எனக்கு மாமா முறை வேண்டும். அறுபதைத் தாண்டியவர், நெடுநெடுவென்று உயரம், குரல் எடுத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அவருக்குச் சுகர் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் விரல் ஒரு தடவைகூட என் கையில் சிக்கியதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பின்பக்கமாகப் போய்விடுவார். அவர் மனைவி, என் அத்தை, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு "இப்பத்தான் புள்ள வெளிய போனாரு" என்பார். அடுத்த நொடியே மாட்டுக் கொட்டகைக்குள் இருந்து மாமா தும்முவார்.

அந்த மாமாவுக்கு ஒரு பெரிய பெயர் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வருடா வருடம் தை மாதம் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். வெறும் காலோடுதான் நடப்பது. முதல் நாள் மதியத்துக்குள்ளேயே இளவட்டங்கள் தார் ரோட்டை விட்டு ஓரத்துப் புல்லைத் தேடித் துள்ளிக் குதித்து நடப்பார்கள். மாமா மட்டும் நடு ரோட்டில், கொதிக்கிற தாரில், பச்சை வயலில் நடக்கிற மாதிரி நடப்பார். கொப்புளம் என்று முனகியதில்லை, முள் என்று நின்றதில்லை. முருகனே அவர் காலின் வலியை வாங்கிக்கொண்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள்கூட அவருக்காகக் காத்திருந்து காலில் விழுவார்கள். நானே ஒரு காலத்தில் விழுந்திருக்கிறேன்.

அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டில் இருந்தால்தானே ஓடி ஒளிவார்கள்? பாதயாத்திரையில் குழந்தை முதல் கிழவர் வரை என்னோடுதான் நடந்தாக வேண்டும். சாப்பாடு ஒரே பந்தி, படுக்கை ஒரே மண்டபம். எங்கே போவார்கள்? மாலை போட்டுக்கொண்டேன். சுகர் பார்க்கிற மெஷினையும் பஞ்சு, துணி, மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு அரோகரா போட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர், "சாமி கும்பிடப் போறியா, ஆள் புடிக்கப் போறியா?" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றேன்.

அந்த முதல் நாளை என்னவென்று சொல்வது! பம்பை முழங்க, காவடிகள் ஆட, மயில் இறகெல்லாம் வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்ன, எங்கள் கூட்டம் சங்ககிரி ரோட்டில் போகிறது. நான் ஓரிடத்தில் நடக்கவில்லை. முன்னால் ஓடுவேன், பின்னால் வருவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அன்னதானத்துக்கு முன்னால் கை கழுவுகிறவர்களுக்குத்தான் இரண்டாவது வடை என்று சட்டம் போட்டேன். கலர் பாட்டிலோடு வந்த பையன்களை மோர்ப் பந்தலுக்குள் தள்ளிவிட்டேன். பெண்களிடம்தான் பெரிய விஷயம் தெரிந்தது. ஒதுங்க இடம் கிடைக்காது என்று காலையில் இருந்து ஒருத்தியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கெல்லாம் வறண்டு போயிருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்காரரிடம் பேசி கழிவறைச் சாவியை வாங்கி, எல்லோரையும் வரிசையாக அனுப்பி, அதற்குப் பிறகு சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தேன். ஊரில் மாதக்கணக்கில் கத்தியும் நடக்காதது ஒரே காலையில் நடக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவை மட்டும் நெருங்க முடியவில்லை. "விரதத்துல மாத்தர எதுக்கு? எல்லாத்தயும் அவன் பாத்துக்குவான்" என்று பெரிய குரலில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மாலை போட்ட நாளில் இருந்து மாத்திரையே போடவில்லை என்று அத்தைதான் மெல்லச் சொன்னார்.

சங்ககிரிக்கு முன்னால் ஒரு ஊர். அங்கே பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். காவடி எடுத்து வருகிறவர்களின் காலைக் கழுவி விடுவது அவர்களுக்குப் புண்ணியம். காவடிகள் அதிகம், கழுவுகிற கைகள் குறைவு. நானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு துடைத்துவிட உட்கார்ந்தேன். என் அதிர்ஷ்டம், எனக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மாமா.

உட்கார்ந்தவர் பக்கத்தில் இருந்தவரோடு மரவள்ளிக்கிழங்கு விலையைப் பேசிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெண் ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். காலுக்கு அடியில் வைத்த தட்டில் விழுந்த மஞ்சள் தண்ணீர் மெல்லச் சிவந்தது. "குங்குமம் கரையுது பாரு" என்றாள் அவள். அந்தத் தண்ணீரில் குங்குமம் கலக்கவே இல்லை. நான் வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் ஏதோ மினுமினுத்தது. லாரி டயர் வெடித்தால் ரப்பருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி ரோட்டில் சிதறிக் கிடக்குமே, அதில் ஒரு துண்டு. எப்போது ஏறியதோ, முனை மட்டும்தான் வெளியே தெரிந்தது. சுற்றிலும் சதை வெளுத்துப் போயிருந்தது. நான் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினேன். எனக்கு உடம்பு கூசியது. மாமா மரவள்ளியிலேயே இருந்தார்.

அதற்குள் தண்ணீர் ஊற்றிய பெண் பார்த்துவிட்டாள். "கம்பி ஏறிக் கெடக்குது, சாமிக்கு வலிக்கவே இல்லீங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான். அரோகரா என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், பம்பைக்காரர் வெறி வந்த மாதிரி அடிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் முண்டியடித்து வந்து விழுந்தார்கள். ஒருத்தி அந்தச் சிவந்த தண்ணீரைத் தொட்டுத் தன் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். மாமா விஷயம் புரிந்து, கண்ணெல்லாம் கலங்க, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "பாத்தீங்களா என்ற அப்பன!" என்றார்.

எல்லோரும் அற்புதத்தைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் அழுகப்போகிற ஒரு காலைப் பார்க்கிறேன். சுகர் அதிகமாகி நரம்பு செத்தால் இப்படித்தான் ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அந்த இடத்தில் சொன்னால் யார் கேட்பார்கள்? பம்பைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் இந்தக் கம்பியோடு, இல்லை இந்தப் புண்ணோடு, பழனி வரைக்கும் நடந்துவிடுவார். அவரால் முடியும், அதுதான் பயமே.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. எழுந்து அவர் காதோடு சொன்னேன். "மாமா, உங்க காவடியில இருந்து ஒரு எறகு குடுங்க. உங்களுக்காக வேண்டிக்கிட்டு ஒண்ணு பண்ணோணும்." அவர் அப்போது இருந்த பூரிப்பில் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். ஒரு நீளமான இறகை அவரே உருவிக் கொடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்க. எறகு எங்க பட்டாலும் முருகான்னு சொல்லுங்க."

பம்பைக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினேன், நிறுத்தினார். கூட்டம் வட்டமாக நெருங்கியது. மாமா சம்மணம் போடாத குறையாக நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். இறகால் அவர் கன்னத்தைத் தொட்டேன். "முருகா!" என்றார். கூட்டமும் முருகா என்றது. உள்ளங்கையைத் தொட்டேன். "முருகா!" முழங்காலில் தொட்டேன். "முருகா!" கூட்டம் இன்னும் சத்தமாகச் சொன்னது. இறகை இன்னும் கீழே இறக்கினேன். கெண்டைக்காலில் வைத்தபோது கொஞ்சம் யோசித்துச் சொன்னார். கணுக்காலுக்குக் கீழே கொண்டுபோனேன்.

சத்தம் இல்லை.

விரல்களின் மேல் வைத்தேன். விரல்களுக்கு நடுவில் விட்டு இழுத்தேன். சின்னக் குழந்தையாக இருந்தால் துள்ளிக் குதித்துச் சிரித்திருக்கும். உள்ளங்காலில் மேலும் கீழுமாகத் தேய்த்தேன். வட்டமாக நின்ற எல்லோரும் இறகு ஓடுவதைப் பார்க்கிறார்கள், அவர் வாயைப் பார்க்கிறார்கள். முருகா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மாமா கண்ணை மூடியபடியே, முகத்தில் அந்தச் சிரிப்பு மாறாமல் சொன்னார். "தொடு புள்ள, ஏன் நிறுத்திப் போட்ட?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கண்ணைத் திறந்தார். தன் காலைப் பார்த்தார், காலின் மேல் இருந்த இறகைப் பார்த்தார். நான் எடுக்கவில்லை. இன்னொரு தடவை, அவர் பார்க்கப் பார்க்க, மெதுவாக இழுத்தேன். அந்தப் பெரிய முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"சுகருங்க மாமா. நரம்பு செத்துப் போச்சு. வலி தெரியாதது நல்லதுக்கு இல்லீங்க" என்றேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. மாமா குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, அவர் குரல்தானா என்று சந்தேகம் வருகிற மாதிரி சன்னமாகக் கேட்டார். "அப்ப இத்தன வருசமா அவன் என்ற கூட நடக்கலியா புள்ள?"

இதற்கு எந்தப் பயிற்சியில் பதில் சொல்லிக் கொடுத்தார்கள்? அத்தைதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க, கால்ல கம்பி ஏறுனத அவனே நேர்ல வந்து சொல்லோணுங்களாக்கும்? இந்தப் புள்ள கைல எறகக் குடுத்து உட்டிருக்கறானில்ல, பத்தாதா? மொதல்ல வண்டில ஏறுங்க."

பாத்திரம், படுக்கை ஏற்றி வந்த மினி லாரியில் அவரை ஏற்றி சங்ககிரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் வயது டாக்டரம்மா, ரொம்பப் பொறுமையாக இருந்தார். கம்பியை எடுத்து, புண்ணைக் கழுவி, ஊசி போட்டுக் கட்டினார். எடுக்கும்போது மாமா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. சுகர் பார்த்த மெஷினைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், இந்தக் காலோடு பழனி வரை நடந்திருந்தால் முதலில் விரல் போயிருக்கும், அதற்குமேல் எவ்வளவு போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆறுகிற வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது.

மாமா அடுத்த நிமிடமே கட்டிலை விட்டு இறங்கி நின்றார், அந்தக் காலிலேயே! "நாளைக்குக் காவிரியத் தாண்டோணும். என்ற காவடி நிக்கக் கூடாது. காலு போனாப் போவுது" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார், ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நடந்தே தீருவேன் என்று நின்றார்.

அத்தை விறுவிறுவென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் பம்பைச் சத்தம் லேசாகக் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், மாமாவின் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அத்தை நிற்கிறார்! எங்கள் கூட்டத்தில் அதுவரை பெண்கள் தீர்த்தக் குடம்தான் எடுத்திருக்கிறார்கள். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, அங்கிருந்தே கத்தினார். "நேத்திக்கடன் நம்ம ரெண்டு பேருக்குந்தான் வெச்சீங்க! நானென்ன மூணாம் மனுசியா?"

மாமா அவரையே பார்த்தார். மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தானே தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டியதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். மினி லாரி ஆமை மாதிரி ஊர்ந்தது. மாமா மூட்டைகளுக்கு மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் காவடி தோள் மாறி மாறி வந்தது. அத்தைக்குப் பிறகு ஒரு தறிக்காரர், அவரிடம் இருந்து ஒரு கல்லூரிப் பையன், அவனிடம் இருந்து நான்கூட வாங்கிக் கொஞ்ச தூரம் சுமந்தேன். மாமா வண்டியில் இருந்தபடியே எல்லோரையும் அதட்டினார். "நேராப் புடி! தூக்கத்துல நடக்கறயா?" அந்தக் குரல் திரும்பி வந்ததும் கூட்டத்துக்கு என்ன உற்சாகம்! கீழே காவிரி, மேலே அரோகரா. நான் வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்று மாலையில் இருந்து கால் கழுவுவதே எங்களுக்குத் திருவிழா ஆகிவிட்டது. தங்குகிற இடத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் கொண்டாட்டம். இறகை எடுத்துக்கொண்டு பெரியவர்களைக் கண்ணை மூட வைத்து முருகா சொல்ல வைத்தார்கள். உப்புப் போட்ட வெந்நீரில் காலை விடுவதற்கு முன்னால் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பதும் வழக்கமானது. பழனி போய்ச் சேர்வதற்குள் முருகா சொல்லாத கால்கள் இன்னும் சில கிடைத்தன. அதில் ஒன்று, ஊரில் எனக்கு வெள்ளிக்கிழமை சாக்குச் சொல்லி அனுப்புகிற அக்காவுடையது. மாமா வழியெல்லாம் அங்கங்கே இருந்த ஆஸ்பத்திரிகளில் கட்டு மாற்றிக்கொண்டு, ரோப் காரில் மலை ஏறி, தன் காவடியை இறக்கினார். கால் பிழைத்தது. ஆற மாதக்கணக்கானது, ஆனால் முழுசாகப் பிழைத்தது.

இப்போது தெருமுனையில் என் தலை தெரிந்தால் மாமாதான் முதலில் விரலை நீட்டுகிறார். அடுத்த வருடம் டாக்டர் சொன்ன மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தார். காவடிக்காரர் செருப்புப் போடுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. அவர் போட்டதால் சுகர் உள்ளவர்கள் எல்லோரும் போட்டார்கள்.

இந்தத் தையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்களோடு முதல் தடவையாக வந்த புது மருமகள் ஒருத்தி, சங்ககிரி தாண்டியதும் கொப்புளம் வந்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். கூட்டத்தின் முன்னால் போய்க்கொண்டிருந்த மாமா திரும்பி வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "வலிக்குதா சாமி?" என்று கேட்டார். உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று தேம்பினாள். அவர் முகம் மலர்ந்தது. "குடுத்து வெச்சவ நீயி" என்றார்.

அன்று முதல், எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது காலை நீட்டி வலிக்கிறது என்று சொன்னால், பையில் இருந்து மருந்தை எடுப்பதற்கு முன்னால் என் மனசு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுக்கொள்கிறது.